கல்விச் சீரும் இரண்டாம் ஆண்டுக் கணக்கும்

முன்னே மேளம். பின்னால் தாம்பாளங்களில் நோட்டு, பென்சில், பூ, பழம். அதற்கும் பின்னால் தலையில் பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்த்துக்கொண்டு வரும் பெண்கள். கடைசியில் குட்டி யானை வண்டியில் பீரோவும் மின்விசிறியும் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரமும். ‘கல்விச் சீர்’ என்ற பெயரில் தமிழகத்து அரசுப் பள்ளிகள் பல இந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டன. பள்ளிக்குப் பணமும் பொருளும் திரட்ட நம் பெற்றோர் கண்ட வழிகளில் இதுதான் மிகவும் நம்முடையது. உணவுத் திருவிழா, முன்னாள் மாணவர் சந்திப்பு, பழைய பேப்பர் சேகரிப்பு, குலுக்கல், இணையவழி நன்கொடை என்று மற்ற வழிகளும் பெருகிவிட்டன. எது புதுமையானது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எது உருப்படியானது என்று கேட்பவர் குறைவு.

உருப்படியானதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். யார் பையிலிருந்து பணம் வருகிறது? ஊருக்கு முன் அதற்குக் கணக்கு உண்டா? கொடுத்த பொருள் இரண்டாம் ஆண்டிலும் வேலை செய்கிறதா? இவற்றுள் மூன்றாவதுதான் கடினமானது. பெரும்பாலான யோசனைகள் அங்கேதான் தோற்கின்றன.

கல்விச் சீரையே முதலில் எடுத்துக்கொள்வோம். தாய்மாமன் வீட்டு வழக்கத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததில் நுட்பமான ஓர் அறிவு இருக்கிறது. ரொக்கம் கைமாறுவதில்லை, பொருள் ஊரார் கண் முன்னே வருகிறது. பத்து ரூபாய் பென்சில் பெட்டி கொண்டுவருபவரும் பீரோ கொண்டுவருபவரும் ஒரே வரிசையில் நடக்கிறார்கள். பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் வீட்டார்கூடத் திண்ணையிலிருந்து எழுந்து பார்க்கிறார்கள். மாணவர் சேர்க்கைக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.

ஆனால் சீர் வரிசையில் எது வரும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பள்ளியின் தேவை அல்ல. ஊர்வலத்தில் எது எடுப்பாகத் தெரியும் என்பதுதான். நாற்காலியும் கடிகாரமும் பள்ளிக்குப் பள்ளி குவிகின்றன. கழிப்பறைக்குப் பினாயிலும் துடைப்பமும் யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவருவதில்லை. தண்ணீர் இயந்திரம் மாலை மரியாதையோடு வந்து இறங்குகிறது. அதன் வடிகட்டியை மாற்றும் நாள் வரும்போது மேளமும் இல்லை, ஆளும் இல்லை. ‘உபயம்’ என்று கொட்டை எழுத்தில் பெயர் எழுதிய இயந்திரம் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். இருப்புப் பதிவேட்டில் மட்டும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் குறை வராமல் செய்த முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. காமராசர் ஆட்சியில், 1958 முதல், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் கட்டடமும் மேசையும் சீருடையும் கொடுத்தார்கள். அங்கே முதலில் பள்ளிவாரியாகத் தேவைப் பட்டியல் தயாரானது. பிறகுதான் கொடையாளி வந்தார். இன்றும் அதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், அரசிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. அந்தத் திட்டத்திலிருந்து பட்டியல் எடுக்காத கல்விச் சீர் நல்ல திருவிழா. நல்ல நிதி திரட்டல் அல்ல.

அடுத்தது உணவுத் திருவிழா. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அம்மா முந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கிக் கொழுக்கட்டை செய்கிறார். ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிறது. வாங்குபவர்களும் மற்ற அம்மாக்கள்தான். பள்ளிக்கு ஐந்நூறு கிடைத்ததாக மேடையில் அறிவிப்பார்கள். அந்த முந்நூறும், காலை நான்கு மணிக்கு எழுந்த உழைப்பும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. கூலி வேலைக்குப் போகும் பெண் ஒரு நாள் சம்பளத்தையும் இழந்திருப்பார். பெற்றோர் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள இது அருமையான ஏற்பாடு. அதற்காக நடத்துங்கள், நிதிக்காக என்றால் வேண்டாம்.

பழைய பேப்பர் சேகரிப்பு நகரத்து யோசனை. செய்தித்தாள் வாங்கும் வீடுகள் நாலைந்து மட்டுமே இருக்கும் ஊரில் அது போக்குவரத்துச் செலவுக்கும் காணாது. குலுக்கலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2003இல் லாட்டரியைத் தடை செய்த மாநிலம் இது. அதன் சாயலைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவருவது பிள்ளைகளுக்குத் தவறான பாடம். பிள்ளைகள் கையில் ரசீதுப் புத்தகம் கொடுத்து வீடு வீடாக அனுப்புவது அதைவிட மோசம். ‘யார் அதிகம் வசூலித்தது’ என்று இறைவணக்கக் கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போது, குடிசையிலிருந்து வரும் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது. அந்தப் பணத்தில் எது வாங்கினாலும் நட்டம்தான்.

மொய் விருந்தைப் பள்ளிக்கு நடத்தினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தில் பணம் கொட்டுவது உண்மை. ஆனால் எழுதிய மொய் திரும்பி வரும் என்பதால்தான் அங்கே பணம் கொட்டுகிறது. பள்ளி யார் வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய் செய்யும்? திரும்பச் செய்ய முடியாத இடத்தில் அந்த முறை ஓர் ஆண்டு ஓடும், அடுத்த ஆண்டு நின்றுவிடும்.

முன்னாள் மாணவர்கள் வழி இவை எல்லாவற்றையும்விட வலுவானது. அவர்களுக்கு வருமானம் உண்டு. தங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்காததால் நிர்பந்தமும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவிலேயே தமிழக அரசு இப்போது அவர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. குறை இரண்டு. பந்தல், பொன்னாடை, ஷீல்டு, பிரியாணி போக மிச்சம்தான் பள்ளிக்கு வருகிறது. அடுத்து, பத்தாம் வகுப்பு ‘பேட்ச்’ கூடுகிறதே தவிர ஐந்தாம் வகுப்பு பேட்ச் கூடுவதில்லை. அதனால் உயர்நிலைப் பள்ளிக்கு மேடை கிடைக்கிறது; அதே ஊர் தொடக்கப் பள்ளிக்குச் சுண்ணாம்புகூடக் கிடைப்பதில்லை.

கணக்கு விஷயத்தில் முந்தி நிற்பது 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம். கொடுப்பவர் பள்ளியையும் தேவையையும் இணையத்தில் தேர்ந்தெடுக்கலாம். பணம் தலைமை ஆசிரியரின் சட்டைப் பைக்குள் போகாது. ஆனால் இதன் வழி கொடுப்பவர்களில் நிறுவனங்களும் உண்டு. அவை சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடும்போது, தாங்கள் இயங்கும் பகுதிக்கே முன்னுரிமை தரச் சொல்கிறது 2013 நிறுவனச் சட்டம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பள்ளிக்கு உள்ள வாய்ப்பு கல்வராயன் மலைப் பள்ளிக்கு எப்படி வரும்? இருக்கிற இடத்திலேயே சேர்வது நன்கொடையின் இயல்பு. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தது. அங்கே பல ஆண்டுகள், ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் ஊதியத்துக்காகத் திரட்டும் பணத்தில் முதல் 10,000 டாலர் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு மற்றப் பள்ளிகளுக்கான பொது நிதிக்குப் போனது. நம் மாவட்ட அளவில் இப்படி ஓர் ஏற்பாட்டை யோசிக்கலாம்.

பெற்றோர் கொடுக்கவே கூடாது, எல்லாம் அரசின் கடமை என்று வாதிடுவோர் உண்டு. வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் என்ற அளவில் அந்த வாதம் முற்றிலும் சரி. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. 1956இல் மதிய உணவு ஊராரின் கொடையில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அரசு செலவில் பங்கேற்றது. 1982இல் சத்துணவாக விரிந்து அரசின் பொறுப்பாகவே ஆனது. ஊர் தொடங்கி அரசு ஏற்ற கொடை நிலைத்தது. அரசு ஒதுங்கிக்கொள்ளச் சாக்காகும் கொடை பள்ளிக்குக் கேடு.

ஆகவே என் தீர்ப்பு இது. குலுக்கல், பிள்ளைகள் வழி வசூல், கட்டாய வசூல் மூன்றையும் இன்றே நிறுத்த வேண்டும். உணவுத் திருவிழாவை உறவுக்காக நடத்தலாம். கல்விச் சீரைப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் பட்டியலோடு மட்டும் நடத்த வேண்டும். இயந்திரம் தருபவர் இரண்டு ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே தர வேண்டும். முதலிடம், முன்னாள் மாணவர்கள் மாதந்தோறும் வங்கிக் கணக்கில் செலுத்தும் சிறு தொகைக்கு. அதில் புதுமை இல்லை, மேளம் இல்லை, படம் எடுத்துப் போடவும் ஒன்றுமில்லை. வடிகட்டி மாற்ற வேண்டிய நாளில் கையில் இருப்பது அந்தப் பணம் மட்டுமே.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் புதிய யோசனை எதுவும் கொண்டுபோக வேண்டாம். சென்ற ஆண்டு வந்த பொருள்களில் எவை இன்று ஓடுகின்றன என்று கேளுங்கள். பதிலைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்.