காற்றுக்கும் ஒரு வழி

இரண்டு முழ நீளம்கூட வராத ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு நெடுஞ்சாலை விடுதியின் வாசல். யமஹா எஃப்ஜேஆர் 1300 மோட்டார் சைக்கிள் ஒன்று தூசியும் பூச்சிக்கறையுமாக நின்றது. பின்னால் ஆள் உட்காரும் இடத்தில் ஓர் அலுமினியப் பெட்டி. அது கூடுதல் பெட்ரோல் டேங்க். அதன் அடியில் புறப்பட்ட குழாய் ஓட்டுபவரின் இருக்கைக்குக் கீழே நுழைந்து, வண்டியின் சொந்த டேங்கின் பின்சரிவில் போய்ச் சேர்ந்தது. பம்பு கிடையாது, மின்கம்பி கிடையாது. அந்த வேலையைச் செய்தவர் வண்டிக்காரரே. கடையில் வாங்கி மாட்டிய பொருள்களாக இருந்தாலும், எதை எங்கே வைப்பது என்ற தீர்மானம் முழுவதும் அவருடையது. நான் நின்று பார்த்தது அந்தத் தீர்மானங்களைத்தான்.

இப்படி டேங்க் வைப்பவர்கள் பெரும்பாலும் அயர்ன் பட் அசோசியேஷன் வழி வந்த நெடுந்தூர ஓட்டக்காரர்கள். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது ஏறக்குறைய 1,610 கிலோமீட்டர், ஓட்டினால் அவர்கள் சான்றிதழ் தருவார்கள். நம் நாட்டிலும் அதை ஓட்டி முடித்தவர்கள் உண்டு. 1984இல் தொடங்கிய அவர்களுடைய பெரிய பந்தயத்தை 11 நாள், 11,000 மைல் என்றே சொல்வார்கள். பந்தய வண்டியில் இரண்டு டேங்கும் சேர்ந்து 11.5 அமெரிக்க காலனுக்கு மேல் கொள்ளக் கூடாது. நம் கணக்கில் 43.5 லிட்டர். எஃப்ஜேஆரின் சொந்த டேங்க் 25 லிட்டர். ஆக, பின்னால் வைக்கக் கிடைப்பது 18.5 லிட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 450இல் நிற்கவேண்டிய வண்டி 780வரை நிற்காமல் போகும்.

கணக்கு அவ்வளவுதான். நயம் இருப்பது குழாயில்.

ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோல் போவதற்கு என்ன பெரிய வேலை, மேலே வைத்தால் கீழே வந்துவிடாதா என்று தோன்றும். வரும், வந்துகொண்டே இருக்கும். கீழ் டேங்க் நிறைந்த பிறகும் வந்து, அதன் காற்றுத் துளை வழியாக வழிந்து, சூடான என்ஜின்மேல் கொட்டும். மேலேரியின் மடையைத் திறந்து வைத்துவிட்டுக் கீழேரிக் கரையைப் பார்க்காமல் தூங்கப் போனவன் கதைதான். வண்டிக்காரர் ஓட்டிக்கொண்டே அரை மணிக்கு ஒருமுறை மடையைத் திறந்து அடைத்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்கு வேண்டியது, என்ஜின் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு மட்டும் தானாக இறங்கும் ஏற்பாடு.

அதை அவர் செய்திருந்த விதம் என்னைக் கட்டிப்போட்டது. முன் டேங்குக்குள் வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவிட்டார். பின் டேங்கின் காற்று வழியை மட்டும் திறந்து விட்டிருந்தார். முன் டேங்கிலிருந்து ஒரு கரண்டி பெட்ரோல் என்ஜினுக்குப் போனால், அந்த இடத்தை நிரப்ப ஏதாவது உள்ளே வந்தாகவேண்டும். காற்று வர வழியில்லை. வரக்கூடியது குழாய் முனையில் காத்திருக்கும் பெட்ரோல் ஒன்றுதான். ஆகவே ஒரு கரண்டி போனால் ஒரு கரண்டி வருகிறது. முன் டேங்க் எப்போதும் நிறைந்தபடியே இருக்கிறது, குறைவது பின்னால் மட்டும்.

நம் வீடுகளில் தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்திருக்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பந்தான். அங்கே மேலே இருக்கும் கேன் அடைபட்டது, கீழே இருக்கும் பாத்திரம் திறந்தது. நாம் ஒரு தம்ளர் பிடித்தால் குபுக்கென்று ஒரு குமிழி கேனுக்குள் ஏறுகிறது, அந்த அளவு தண்ணீர் இறங்குகிறது. இங்கே தலைகீழ். மேலே திறப்பு, கீழே அடைப்பு. இரண்டிலும் திரவத்தைக் கட்டுப்படுத்துவது காற்றைத் தடுத்து வைத்திருக்கும் ஒரு சின்ன அடைப்புதான்.

இந்த ஏற்பாட்டால் வேறொரு நன்மையும் கிடைத்திருந்தது. அதைக் கவனிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வெறும் இறக்கத்தை நம்பினால் பின் டேங்கை முன் டேங்கைவிட உயரத்தில் தூக்கி வைக்கவேண்டும். 18.5 லிட்டர் பெட்ரோல் 13, 14 கிலோ வரும். அதைத் தோளுயரத்தில் வைத்துக்கொண்டு வளைவில் சாய்வது நல்லதல்ல. இங்கே முன் டேங்க் தானே இழுத்துக்கொள்வதால், பின் டேங்கைத் தாழ்த்தி, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், இருக்கை மட்டத்திலேயே உட்கார வைத்துவிட்டார். காற்றை ஓரிடத்தில் அடைத்ததற்குக் கிடைத்த கூலி, வண்டியின் நிதானம்.

அடைத்தது அடைத்தபடி விட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும். பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு பெருகும். 25 லிட்டருக்குக் கால் லிட்டர். வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்தக் கால் லிட்டர் எங்கே போகும்? குழாயின் நடுவில் கையால் திறந்து மூடும் ஒரு வால்வு உண்டு; அது திறந்திருந்தால் குழாய் வழியாகப் பின் டேங்குக்குத் திரும்பும். மூடியிருந்தால் போக்கிடம் இல்லை. அதற்காக, அடைத்த காற்று வழியின் முனையில் சுண்டுவிரல் பருமனில் ஓர் ஒருவழி வால்வு. உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியே விடும். வெளிக்காற்றை உள்ளே விடாது. அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் கடினமும் யோசித்துத் தேர்ந்தது. பின் டேங்க் நிறைந்திருக்கும்போது அதன் மட்டம் முன் டேங்கைவிட ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாண் பெட்ரோலின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. ஸ்பிரிங் அதற்கு அசையக் கூடாது, வெயிலின் அழுத்தத்துக்கு மட்டும் அசையவேண்டும். அப்படியே அமைந்திருந்தது.

குழாய்க்கு வருகிறேன். 120 கிலோமீட்டர் வேகத்தில் அந்த என்ஜின் நிமிடத்துக்கு 110 மில்லி அளவு குடிக்கும். டீக்கடைக் கண்ணாடி கிளாஸில் ஒன்று. இதற்கு 6 மில்லிமீட்டர் குழாயே தாராளம். அவர் போட்டிருந்தது 8 மில்லிமீட்டர். ஏன் என்று கேட்டேன். குமிழிக்காக என்றார். சின்னக் குழாயில் ஒரு குமிழி மாட்டிக்கொண்டால் சுவரோடு சுவராக அடைத்துக்கொண்டு நகர மனமில்லாமல் நிற்கும். இடம் கொஞ்சம் இருந்தால் ஓரமாகப் பெட்ரோல் இறங்க, குமிழி மேலே ஏறிப் பின் டேங்குக்குள் போய்விடும். குழாயின் அளவைத் தீர்மானித்தது பெட்ரோல் அல்ல, என்றாவது வரப்போகும் ஒரு குமிழி.

அதே குமிழிக்காகத்தான் குழாய் எங்கேயும் மேடேறவில்லை. பின் டேங்கின் அடியிலிருந்து முன் டேங்கின் இணைப்புவரை ஒரே இறக்கம். நடுவில் ஒரு சட்டத்தைத் தாண்டவேண்டியிருந்தது. மேலே போட்டுத் தாண்டுவது இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த மேட்டில் என்ஜின் சூட்டில் கிளம்பும் பெட்ரோல் ஆவி தேங்கும், தேங்கியது தானாக இறங்காது. அவர் சட்டத்துக்குக் கீழே கொண்டுபோயிருந்தார். அங்கே சூடு அதிகம் என்பதால் அந்த ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெப்பம் தடுக்கும் உறை. இரும்பைத் தொட்டு உரசக்கூடிய இடத்தில் ரப்பர் வளையம். கொஞ்சம் தள்ளி ரப்பர் பூசிய கிளிப் ஒன்று, குழாயை அழுத்தாமல் அணைத்துப் பிடித்திருந்தது.

குழாயின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று வெள்ளை எழுத்து ஓடியது. எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டியிருந்தார்; பிறகு எவன் வண்டியைத் திறந்தாலும் இது என்ன குழாய் என்று ஊகிக்க வேண்டாம். இந்த ரகக் குழாயின் உட்பூச்சு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்கும். அங்கே பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு எத்தனால்தான். சாதா ரப்பர் அதில் ஊறி உப்பி உரிந்துபோகும். கிளிப்புகளைப் பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நம் பட்டறைகளில் கைக்குக் கிடைக்கும் பல்வெட்டுள்ள கிளிப் முறுக்க முறுக்க ரப்பரைக் கிழிக்கும். இவை உட்புறம் வழவழப்பாக, விளிம்பு வெளியே மடிந்தவை. முறுக்கியிருந்த அளவும் அழகு: ஓரத்தில் ரப்பர் இலேசாகப் புடைத்திருந்தது, பிதுங்கவில்லை.

நடுவில் ஒரு பித்தளை இணைப்பு. கழற்றினால் இரண்டு பக்கமும் தானாக மூடிக்கொள்ளும் வகை. பந்தயம் முடிந்ததும் பின் டேங்கை எடுத்துவிட்டு மனைவியை ஏற்றிக்கொண்டு போவதற்கு. அவர் கழற்றிக் காட்டினார். இரண்டு முனையிலும் ஈரம் மட்டும் மினுங்கியது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

டேங்கின் வேலைப்பாடும் சொல்லத் தக்கதுதான். ஆர்கான் வெல்டிங், சில்லறைக் காசுகளை வரிசையாகச் சாய்த்து அடுக்கியதுபோல் சீராக ஓடியிருந்தது. உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் இருப்பதை வெளியே தெரியும் வெல்டிங் தடத்திலிருந்தே அறியலாம். பாதி காலியான டேங்கில் பெட்ரோல் அலையடித்து வளைவில் வண்டியைத் தள்ளாமல் அவை காக்கும். தாங்கும் நான்கு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர். இங்கேதான் பலர் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் இருந்தது. ரப்பர்மேல் உட்கார்ந்த டேங்க் வண்டியிலிருந்து மின்னோட்டத்துக்குத் துண்டிக்கப்பட்ட தீவு. பெட்ரோல் ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரம் போக வழியின்றிப் பொறியாகத் தெறிக்கலாம். அதனால் டேங்கிலிருந்து சட்டத்துக்கு விரற்கடை நீளப் பின்னல் கம்பி ஒன்று. சட்டத்தில் அது தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, துரு ஏறாதிருக்க மேலே கிரீஸ் தடவியிருந்தார்.

பின் டேங்கின் காற்றுக் குழாயை நான் கடைசியாகத்தான் கண்டேன். முதலில் மூடிக்கு மேல் ஒரு வளையம் எழும்பி, பிறகு பின்பக்கம் இறங்கி, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், டயர்மேல் சொட்டாத இடத்தில் முடிந்தது. வளையத்தின் அடியில் ஒரு சின்ன வால்வு, உள்ளே ஓர் உருண்டை. வண்டி நிமிர்ந்திருக்கும்வரை உருண்டை கீழே கிடக்கும், காற்று போய்வரும். வண்டி கவிழ்ந்தால் உருண்டை உருண்டு வாயை அடைக்கும். இத்தனை வேலையிலும் இந்த ஒன்று பயன்படாமலே போகவேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டு மாட்டியிருப்பார்.

திறக்கும் வால்வின் கைப்பிடி இடது தொடைக்குக் கீழே. வலது கை ஆக்சிலரேட்டரை விட முடியாது. இடது கை விடலாம். கைப்பிடி குழாயோடு நீட்டிக் கிடந்தால் திறந்தது, குறுக்கே நின்றால் மூடியது. உறை போட்ட கையால், இருட்டில், பார்க்காமலே தடவித் தெரிந்துகொள்ளலாம். ஓடும்போது மூடி வைக்கக் கூடாது. முன் டேங்க் எதையும் இழுக்க முடியாமல் என்ஜின் திணறும். பெட்ரோல் போடும்போது முதலில் மூடவேண்டும், பிறகுதான் முன் மூடியைத் திறக்கவேண்டும். மறந்தால் மேலேரிக் கதை. இந்த வரிசையை அவர் ஒரு சிறு துண்டுத் தாளில் எழுதி முன் மூடிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார். பல வருடம் ஓட்டியவருக்கு எதற்கு என்று கேட்டேன். பதினெட்டு மணி நேரம் ஓட்டிய பிறகு பெட்ரோல் பங்குக்கு வருகிறவர் அதே ஆள் அல்ல என்றார்.

மறுநாள் விடியுமுன் கிளம்பினார். இரண்டு டேங்கும் நிறைந்திருந்தன. முன்னூறு கிலோமீட்டர் வரைக்கும் அளவு காட்டும் கட்டங்கள் ஒன்றும் குறையாது, முழுதாகவே எரிந்துகொண்டிருக்கும் என்று சொல்லியிருந்தார். அதற்கும் கொஞ்சம் பிறகு, எங்கோ வெட்டவெளிச் சாலையில், பின் டேங்கின் கடைசிப் பெட்ரோல் குழாயில் இறங்கும். அதன் பின்னாலேயே காற்று இறங்கும், முன் டேங்குக்குள் குமிழ் குமிழாக ஏறும். அப்போது மேல் கட்டம் ஒன்று அணையும்.