ஆடு யாருடையது?

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் ‘தன்கதை’ என்றால் விளக்கம் தேவையில்லை. நான் ஒரு பேனா, நான் ஒரு மிதிவண்டி, நான் ஒரு பசு. யுபிஎஸ்ஆர் இருந்த காலம்வரை (2021இல்தான் எடுத்தார்கள்) பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பசுவாக மாறி, பால் கொடுத்து, கிழடாகி, கடைசியில் கறிக்கடைக்குப் போவதை உருக்கமாக எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் பசு பேசும். அதற்குப் புல் அறுத்துப் போட்ட பையன் பேசமாட்டான்.

நம் தோட்டக் கதைகள் பலவற்றைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தன்கதை ஞாபகம் வந்துவிடுகிறது. லயத்துக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டாய். ஒரு கிடாக்குட்டிமேல் உயிராய் இருக்கும் சிறுவன். திருவிழாவுக்கு அப்பா அதை வெட்டுகிறார், பையன் சோறு தின்ன மறுக்கிறான். இதே சட்டகத்தில் எத்தனை கதைகள்! சில நல்ல கதைகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஆடு என்பது பிள்ளைப் பருவத்தின் பொம்மை. அதை விற்ற காசு எதற்குப் போனது, அது யார் நிலத்தில் மேய்ந்தது என்பதெல்லாம் கதைக்குள் வருவதே இல்லை.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை (2000) இங்கே கிள்ளானில் உட்கார்ந்து படிக்கும்போது உறைப்பது இதுதான். கூளையன் ஓர் அருந்ததியர் சிறுவன். கவுண்டர் பண்ணையத்துக்கு ஆண்டுக்கூலியாக விடப்பட்டவன். பகலில் மேய்ச்சல், இரவில் பட்டிக்காவல். வவுறி, செவிடி, மொண்டி, நெடும்பன் என்று அவனைப்போன்ற பிள்ளைகளோடு மேட்டுக்காட்டில் ஆடும் ஆட்டம்தான் நாவலின் பெரும்பகுதி. நடுவில் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தச் சந்தோஷத்தை நாவல் பொய்யென்று சொல்வதில்லை. அது பண்ணைக்காரன் நேரத்திலிருந்து திருடிய சந்தோஷம் என்பதை மட்டும் மறக்கவிடுவதில்லை. ஒரு குட்டி காணாமல் போனால் அடி யாருக்கு என்பது விளையாடும்போதும் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். பண்ணைக்காரர் மகன் செல்வன் கூளையனுக்குக் கூட்டாளிதான், கூடவே எஜமானன் வீட்டுப் பையனும்தான். இந்த இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதை வைத்துத்தான் கடைசிக் கிணறுவரை நாவல் நகர்கிறது. வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2004இலேயே வந்துவிட்டது. இங்கே அதைப் பற்றி ‘அழகான கிராமிய நாவல்’ என்றுதான் அதிகம் கேட்டிருக்கிறேன். படித்தார்களா, அட்டையைப் பார்த்தார்களா, தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இந்த நாவலை வைத்து ஒரு வாசிப்புச் சந்திப்பு நடத்தினோம். காப்பாரில் ஆடு வளர்க்கும் ஒரு தம்பி வந்திருந்தான். 24 வயது. பழைய மைவியின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அதில் நேப்பியர் புல்லும் தவ்பூ சக்கையும் செம்பனைப் புண்ணாக்கும் ஏற்றுகிறவன். நாங்கள் எல்லாரும் மொழிநடை, வட்டார வழக்கு என்று பேசி முடித்தபிறகு அவன் சொன்னான்: “இவன் எல்லா ஆட்டுக்கும் பேரு வெச்சிருக்கான்ணே. ஒண்ணுகூட இவனோடது இல்ல. எங்கிட்ட நாப்பது ஆடு, எல்லாம் என்னோடது. நிக்கிற மண்ணுதான் என்னோடது இல்ல.”

அன்றைக்குப் பேசியதில் விமர்சனம் என்றால் இது ஒன்றுதான். மலேசியத் தோட்ட வாழ்க்கையை இரண்டே வரியில் சொல்லிவிட்டான்.

தோட்டத்தில் வீடு கம்பெனியுடையது, மரம் கம்பெனியுடையது. தொழிலாளி தன்னுடையது என்று சொல்ல முடிந்தது ஆடு, மாடு, கோழிதான். மகள் கல்யாணத்துக்கும் பையன் படிப்புக்கும் அதைத்தான் விற்றார்கள். மேய்ச்சலுக்குத் துரை வாயால் கொடுத்த அனுமதிதான், கையில் காகிதம் கிடையாது. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆனபோது அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். அடுக்குமாடியில் ஆட்டை எங்கே கட்டுவது? வீட்டை இழப்பதற்கு முன்னால் அவர்கள் மந்தையை விற்றாக வேண்டும், அதுவும் அவசரத்துக்கு வந்த விலைக்கு. பினாங்கில் மாடு வளர்த்த தமிழர்களின் கம்போங் புவா பாலா 2009இல் இடிக்கப்பட்டபோது செய்தி வந்தது, கண்டன அறிக்கைகள் வந்தன. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன் பார்வையில் ஒரு நாவல் வந்ததாக எனக்குத் தெரியாது.

மண்ணைப் பற்றி இங்கே தீவிரமாக எழுதியவர் என்றால் எனக்கு கே.எஸ். மணியம்தான். அவரும் ஆங்கிலத்தில் எழுதினார். ‘தி ரிட்டர்ன்’ (1981) நாவலில் பாட்டி பெரியதாய்க்கும் சரி, அவள் மகனுக்கும் சரி, வீடு கட்டிப் பயிர் வைத்த மண் கடைசிவரை சொந்தமாவதில்லை. மகன் தன் வீட்டுக்குத் தீ வைத்து அதிலேயே கருகுகிறான். அந்த வேகத்துக்குப் பக்கத்தில் நம் கிடாக்குட்டிக் கதைகளை வைத்துப் பாருங்கள். அழ வைக்கின்றன, அவ்வளவுதான். கோபப்பட யாரும் கிடைப்பதில்லை.

இப்போது கிள்ளான் பக்கம் ஆடு வளர்ப்பவனின் வருஷம் எப்படி ஓடுகிறது என்று எந்தக் கதையிலாவது படித்திருக்கிறீர்களா? ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் ஆடு. ஆடியில் முனியாண்டி படையல். பிறகு தீபாவளி. பள்ளிவாசல் கமிட்டியோடும் கோயில் கமிட்டியோடும் ஒரே கைப்பேசியில் பேரம். பேரங்காடியில் உறைந்த ஆஸ்திரேலியக் கறியின் விலை தெரியாமல் அவனால் தன் ஆட்டுக்கு விலை சொல்ல முடியாது. மூன்று மொழி, இரண்டு மதம், ஒரு கொட்டாய். இதைவிடக் கதைக்கு என்ன வேண்டும்? நாமோ இன்னும் லயத்துக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தம்பியின் கொட்டாய் நிற்பது டிஓஎல் நிலத்தில். தற்காலிகக் குடியிருப்பு உரிமம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது அந்தந்த வருஷம் டிசம்பர் 31இல் முடிந்துவிடும். வேறு யாருக்கும் மாற்ற முடியாது, உரிமக்காரர் இறந்தால் அதுவும் செத்துவிடும். அவனுடையது அப்பா பேரில் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, ஒரு காலில் விரல் எடுத்தாகிவிட்டது. ஆட்டுக்குச் சினை ஐந்து மாதம். ஆகஸ்டில் கிடா சேர்த்தால் குட்டி விழுவது ஜனவரியில், அடுத்த உரிமத்தில். “ஆகஸ்டு வந்தா கொஞ்சம் யோசிப்பேண்ணே. அப்புறம் சேத்து விட்டுருவேன்” என்றான்.