பாட்டு அடங்கிய பின் எழுந்த குரல்

தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கக் காலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லி வருகின்றனர். நாடக மேடையிலிருந்து பாடகர்கள் வந்தனர். பாட்டினால் திரையை ஆண்டனர். பின்னணிக் குரல் முறை வந்தது. பாடத் தெரியாதவரும் கதாநாயகர் ஆயினர். பாடகர்கள் மங்கிப் போயினர். எம்.கே. தியாகராஜ பாகவதரின் இறுதி ஆண்டுகளை மட்டும் நோக்கினால் இக்கதை பொருத்தமானதாகவே தோன்றும். ஆனால் சித்தூர் வி. நாகையா அவர்களை இதற்குள் அடக்க முயன்றால் கதை இடிக்கிறது. பாட்டு அடங்கிய பிறகே தமிழில் அவருடைய சிறந்த நடிப்பு வெளிப்பட்டது என்பது நம் கருத்து. குணச்சித்திர நடிகராக அவர் ஆனது வீழ்ச்சியன்று. வேறொரு கலைக்குள் அவர் நுழைந்தார் என்றே கொள்ள வேண்டும்.

தெலுங்கில் அவர் யார் என்பதைச் சுருக்கமாக நினைவுகூர்வது போதும். 1904ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் குண்டூர் மாவட்டத்து ரேபள்ளெயில் பிறந்தவர். சித்தூரில் இராமவிலாச சபையின் நாடகங்களில் பாடி நடித்ததால் ஊர்ப்பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டது. 1938இல் ‘கிருகலட்சுமி’ படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார். பி.என். ரெட்டியின் ‘வந்தே மாதரம்’ (1939), ‘சுமங்கலி’ (1940), ‘தேவதா’ (1941) என்று அடுத்தடுத்து நாயகனானார். ‘பக்த போதனா’, அவரே இயக்கிய ‘தியாகய்யா’ (1946), ‘யோகி வேமனா’ (1947) ஆகிய மூன்றும் ஆந்திர மக்களின் உள்ளத்தில் அவரை அருளாளர் வரிசையில் வைத்துவிட்டன. இம்மூன்றிலும் நடிப்பும் பாட்டும் அவருடையவையே. அம்மொழியில் அவர் பாடகர், பிறகுதான் நடிகர்.

தமிழில் நிகழ்ந்தது வேறு. அதைக் கூறுமுன், காக்ஸ் டவுனில் வாழும் நமக்கு இவருடைய வரலாற்றில் என்ன உரிமை என்று கேட்போருக்கு ஒரு செய்தி. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். அதற்கு முன் அந்நகர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. நம் தெருக்களில் உள்ள குடும்பங்களிற் பல, மூன்று நான்கு தலைமுறைக்கு முன் இதே வட ஆர்க்காட்டிலிருந்து தண்டுப் பகுதிக்குப் பிழைப்புத் தேடி வந்தவையே. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் மண் அது. நாகையாவின் தமிழ், வகுப்பில் கற்ற தமிழாக ஒலிப்பதில்லை. அண்டை வீட்டிலிருந்து காதில் விழுந்து படிந்த மொழியாகவே நமக்குக் கேட்கிறது. வீட்டில் தமிழும், கடையில் கன்னடமும், எதிர்வீட்டாருடன் தெலுங்கும், அலுவலகத்தில் ஆங்கிலமுமாக வாழும் நாம், அத்தகைய தமிழின் குற்றங்குறைகளையும் அழகையும் பிறரினும் நன்கு அறிவோம். ‘பெங்களூர்த் தமிழ்’ என்று உறவினர் நகைக்கும்போது நம் பிள்ளைகள் வாய்மூடி நிற்பதும் நாம் அறிந்ததே.

நாகையா தமிழில் முதலில் தோன்றியது 1941இல் வெளிவந்த ‘அசோக்குமார்’ படத்தில். ராஜா சந்திரசேகர் இயக்கிய அப்படத்தில் பாகவதர் குணாளன், நாகையா அவனுடைய தந்தையாகிய அசோகச் சக்கரவர்த்தி, கண்ணாம்பா சிற்றன்னை. பாகவதருக்கு அப்போது வயது 31, நாகையாவுக்கு 37. ஆறாண்டு மூத்தவர் தந்தையாக நிற்கிறார்! அதே 1941இல்தான் தெலுங்கில் ‘தேவதா’வின் நாயகன் அவர். எனவே நாயகனாயிருந்து தேய்ந்து தந்தை வேடத்திற்கு இறங்கினார் என்ற பேச்சு தமிழுக்குப் பொருந்தாது. நம் மொழிக்குள் அவர் நுழைந்ததே தந்தையாகத்தான். நாட்டின் ஒப்பற்ற பாடகர் ஒருவர் எதிரில் நின்று பாடுகையில், தாமும் பாடகராகிய ஒருவர் சொல்லாலும் முகத்தாலும் ஈடுகொடுக்க வேண்டிய சூழல் அது. போட்டிக்கு அவர் குரலை உயர்த்தவில்லை. மகனைத் தவறாக ஐயுற்ற மன்னனின் சினத்தைக்கூட அடித்தொண்டையிலேயே நிறுத்துகிறார்.

இங்கே அவருடைய குரலைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேசியாக வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடியவர்கள் நம் பழைய மேடைக் கலைஞர்கள். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் உச்சச் சுருதியில் நின்று ஊரையே கட்டிப்போட்டனர். அந்தப் பழக்கம் திரைக்கு வந்தபோது வசனமும் உரத்தே ஒலித்தது. ஒலிவாங்கி முகத்தருகே இருப்பதையே பலர் மறந்து பேசினர். நாகையாவோ பாட்டிலேயே தாழ்ந்த சுருதியை நாடியவர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே மூச்சுக்கு இடம் விடுவார். இந்த இடைவெளிதான் பின்னாளில் அவருக்கு முதலாயிற்று. பாட்டில் தாளம் பிசகாமல் ஒரு சொல்லைத் தாங்கி நிறுத்தக் கற்றவர், வசனத்திலும் அவ்வாறே ‘மகனே’ என்ற ஒற்றை விளியைத் தாங்கி நிறுத்தினார். கூர்ந்து கேட்போருக்குச் சொல்லிறுதி உயிரெழுத்து சற்றே நீள்வது புலப்படும். அது தெலுங்கின் சாயல். ஆயினும் முதியவர் ஒருவரின் தயக்கம் போலவும் பரிவு போலவும் அது நம் செவியில் படிகிறது. குறையே குணமாயிற்று.

1945இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘மீரா’வில் அவர் மேவார் ராணா. பாடல்களின் பெரும்பகுதி மீராவாகிய எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களுக்கு உரியது. கணவனின் வேலை பெரும்பாலும் கேட்பது; வியப்பது; பிறகு ஐயுறுவது; சினப்பது. பாட்டைக் கேட்கும் முகம் எப்படியிருக்க வேண்டும் என்பது பாடத் தெரிந்தவருக்கே தெரியும். பாடலினிடையே தவறான இடத்தில் தலையசைக்கும் நடிகர்களை இன்றும் நாம் கண்டு வருந்துகிறோம் அல்லவா? 1948இல் ‘சக்ரதாரி’யில் அவர் மீண்டும் பாடும் பக்தராக, குயவர் கோராவாக வந்தார். அதன் பின் தமிழில் பாட்டு சிறிது சிறிதாக அவரிடமிருந்து விலகியது.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு கலைஞரை ஒப்பிடுதல் தகும். 1900இல் உரோம் நகரில் பிறந்த சால்வத்தோரே பக்கலோனி, ஆப்பெரா என்னும் மேலைநாட்டு இசைநாடகத்தில் கட்டைக் குரல் பாடகர். மிலானின் லா ஸ்காலா அரங்கில் தொஸ்கனீனியின் ஆதரவு பெற்றவர். நகைச்சுவை வேடங்களில் ஒப்பற்றவர் எனப் பெயர் வாங்கியவர். 1940 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் பாடினார். 1956இல் ‘ஃபுல் ஆஃப் லைஃப்’ என்ற அமெரிக்கப் படத்தில், மகனின் வீட்டுத் தரையைப் பழுதுபார்க்க வந்து அதை விட்டுவிட்டுக் கணப்பு கட்டத் தொடங்கும் இத்தாலியக் கொத்தனார்த் தந்தையாக நடித்துப் பெரும் பாராட்டுப் பெற்றார். குடிபெயர்ந்த பாடகர் குடிபெயர்ந்த தந்தையாகிறார். நாகையாவுக்கும் இவருக்கும் உள்ள ஒற்றுமை தெளிவு. வேற்றுமைதான் நாம் கருத வேண்டியது. பக்கலோனியின் பிறமொழிச் சாயல் அங்கே கதைக்குச் சரக்கு. அதைக் கேட்டு அவையோர் சிரிக்க வேண்டும். தமிழ்ப் படம் நாகையாவின் சாயலை வைத்துச் சிரிப்பு மூட்டவில்லை. அவரைத் ‘தெலுங்கர்’ என்று ஒதுக்கிக் காட்டவுமில்லை. தமிழ்க் குடும்பத்தின் நடுவீட்டில் அமர்த்தி, ‘அப்பா’ என்று அழைத்தது.

எவ்வளவு நம்பி அமர்த்தியது என்பதற்குச் சான்று 1954இல் வந்த ‘எதிர்பாராதது’. ஸ்ரீதர் கதை எழுதிய அப்படத்தில் சிவாஜி கணேசனும் பத்மினியும் காதலர். காதலன் விபத்தில் மாண்டான் என்று எண்ணப்படுகிறது. அவள் யாரைக் காதலித்தாள் என்பதை அறியாமலே அவனுடைய தந்தை அவளை மணக்க நேரிடுகிறது. மகன் உயிரோடு திரும்புகிறான். காதலி சிற்றன்னையாக நிற்கிறாள். நினைத்தாலே கூசும் கதை. தந்தை வேடத்தில் சிறிது காமம் தென்பட்டாலும் படம் அருவருப்பாகிவிடும். சிறிது அசட்டுத்தனம் தென்பட்டாலும் கேலிக்கூத்தாகிவிடும். நாகையா இவ்விரு பள்ளங்களுக்கும் நடுவே நடந்தார். அவருடைய தந்தை தவறு செய்தவரல்லர். ஆனால் தவறு அவர் வீட்டில்தான் குடியிருக்கிறது. சிவாஜியின் குமுறலும் பத்மினியின் துயரமும் உரத்து ஒலிக்கும் படத்தில், அறியாமையைத் தவிர வேறெதுவும் செய்யக் கிடைக்காத வேடம் அவருடையது. அறியாமையை நடிப்பது எளிதன்று. தொல்காப்பியர் அழுகைக்கு அடிப்படை கூறுமிடத்து இகழப்படுதல், இழத்தல், நிலை தாழ்தல், வறுமை என நான்கைச் சுட்டுகிறார். இத்தந்தை தாம் எதை இழந்தார் என்பதே தெரியாதவர். அவருக்காக நாம் அழுகிறோம். அவர் அழுவதற்கு முன்பே. இப்படத்தைப் பேசுவோர் நாயகனையும் நாயகியையும் புகழ்ந்து முடித்துவிடுவது நமக்கு உடன்பாடன்று.

1958இன் ‘சம்பூர்ண ராமாயண’த்தில் தசரதர் வேடம் அவருக்குக் கிடைத்தது இயல்பே. மகனைப் பிரிந்து மாளும் தந்தைக்கு அவரை விட்டால் அக்காலத்தில் வேறு யாரைத் தேடியிருப்பர்?

1961இல் பீம்சிங் இயக்கிய ‘பாவமன்னிப்பு’ நம் பகுதி மக்களுக்கு மிக அணுக்கமான படம். பள்ளிவாசலும் மாதாகோயிலும் மாரியம்மன் கோயிலும் கூப்பிடு தொலைவில் உள்ள தண்டுப் பகுதியில், ஒரு தந்தையின் பிள்ளைகள் வெவ்வேறு சமயத்தாரிடம் வளரும் கதையை எவரும் விந்தையாக எண்ணியிருக்க மாட்டார். சிவாஜி ஏற்ற ரஹீமை எடுத்து வளர்க்கும் இசுலாமிய மருத்துவராக நாகையா வருகிறார். தாய்மொழி தெலுங்கு, பிறப்பால் இந்து, தியாகய்யராகவும் வேமனராகவும் வணங்கப்பட்டவர், தமிழ் பேசும் முசுலிம் பெரியவராக நம்மை நம்ப வைக்கிறார். தொப்பியும் தாடியும் செய்யும் வேலையன்று அது. சமயத்தைக் காட்டுவதற்காகப் பேச்சைத் திரித்து நடிப்போர் பலர் இருந்த காலத்தில், அவர் தம் வழக்கமான மென்குரலையே வைத்துக்கொண்டு வளர்ப்புத் தந்தையின் பாசத்தை மட்டும் நடித்தார். எம்.ஆர். ராதாவின் கரகரத்த, எள்ளல் நிறைந்த குரல் ஒருபுறம், இக்குரல் மறுபுறம். பெற்றவனுக்கும் வளர்த்தவனுக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தின் கதையைவிட இவ்விரு குரல்களே தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

புகழ்ந்துகொண்டே போவது திறனாய்வாகாது. 1960களில் தமிழ்ப் படவுலகம் இவரைச் சோம்பலுடன் பயன்படுத்தியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நரைத்த தலை, கூப்பிய கை, கலங்கிய கண் என்று ஒரே அச்சில் வேடங்கள் வார்க்கப்பட்டன. அசோகனின் சினத்தையும் ராணாவின் ஐயத்தையும் காட்டத் தெரிந்தவருக்குத் தீமை கலந்த ஒரு வேடத்தைக் கொடுத்துப் பார்க்கும் துணிவு எழுத்தாளர்க்கு இல்லை. நாகையாவும் மறுத்ததாகத் தெரியவில்லை. கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக் கொடுத்தும், ‘பக்த ராமதாசு’ வரலாற்றை நெடுங்காலம் உழைத்து 1964இல் ‘ராமதாசு’வாகத் தாமே எடுத்தும் கைப்பொருள் கரைந்தவர் வேடம் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்திருக்க இயலாது. 1965இல் பத்மஸ்ரீ விருது வந்தது, பணமுடை தீரவில்லை.

நம் கன்னட நாட்டிலிருந்து தமிழுக்கு வந்த ஹொன்னப்ப பாகவதரை இங்கே நினையாமல் இருக்க முடியாது. ‘பர்மா ராணி’ (1945), ‘ஸ்ரீ முருகன்’ (1946) என்று தமிழில் நாயகனாக விளங்கிய அவர், பின்னர்த் தம் மொழிக்கே திரும்பி, 1955இல் ‘மகாகவி காளிதாசா’ எடுத்துச் சரோஜாதேவியை அறிமுகம் செய்தார். அது ஒரு வழி, நல்ல வழியும்கூட. நாகையா திரும்பிப் போகவுமில்லை, ஒன்றைவிட்டு மற்றொன்றைப் பற்றவுமில்லை. 1963இல் தெலுங்கு ‘லவகுசா’வில் வால்மீகியாகவும், அதே ஆண்டுகளில் தமிழில் எண்ணற்ற தந்தையராகவும் இரு வீட்டிலும் உண்டவர் அவர்.

1973 டிசம்பர் 30ஆம் நாள் சென்னையில் காலமானார். தியாகராயநகர் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. சென்னை செல்லும் நம்மவர் துணிக்கடைகளுக்கு இடையே அதைக் கடந்து போகின்றனர். நம் இல்லங்களில் இளையோர்க்குப் பழைய படம் காட்ட விரும்புவோர் ‘அசோக்குமா’ரையும் ‘பாவமன்னிப்’பையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம். இடையில் இருபது ஆண்டுகள். முதற்படத்தில் மகன் பாடும் பாட்டுகளை நிறுத்திவிட்டுத் தந்தையின் பேச்சை மட்டும் கேட்கட்டும். இரண்டாவதில் திரையைப் பாராது ஒலியை மட்டும் கேட்கட்டும். சொல்லிறுதியில் அந்த உயிரெழுத்து அப்போதும் சற்று நீண்டுதான் ஒலிக்கும்.