கேட்காமல் கிடைத்த வரிசை

பைத்தான் மொழியின் டிக்‌ஷனரி, அதாவது ஒவ்வொரு சாவியையும் அதற்குரிய மதிப்போடு இணைத்து வைத்திருக்கும் மேப், எந்த இணை முதலில் இடப்பட்டதோ அதையே லூப்பிலும் முதலில் தரும் என்று 2018-இல் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து மொழியே உறுதியளிக்கிறது. இந்த உறுதியைப் பண்பட்ட வடிவமைப்பின் அளவுகோலாகவும், லூப்புக்கு லூப் வரிசையை வேண்டுமென்றே மாற்றித் தரும் கோ மொழியின் மேப்பை நிரலருக்கு விதிக்கப்பட்ட தண்டனையாகவும் காட்டும் வாதம் இன்று ஏறக்குறைய மறுப்பின்றிச் செல்லுபடியாகிறது. அவ்வாதம் வசதியை மட்டுமே எடைபோடுகிறது.

வசதி உண்மையானதுதான். இணைகளை வந்த வரிசையிலேயே ஓர் அணியில் நெருக்கமாக அடுக்கி, ஹேஷ் அட்டவணையில் அவற்றின் இட எண்ணை மட்டும் குறித்து வைக்கும் உள்ளமைப்பு 3.6 பதிப்பில் வந்தபோது, டிக்‌ஷனரி பிடிக்கும் நினைவகம் முந்தைய பதிப்பைவிட 20 முதல் 25 விழுக்காடு வரை குறைந்தது. வரிசை அதன் உடன்விளைவாகக் கிடைத்தது. அதற்கு முன், ஹேஷ் மோதல்களைத் திட்டமிட்டு உண்டாக்கி சர்வரைத் திணறடிக்கும் தாக்குதலைத் தடுப்பதற்காக 3.3 பதிப்பில் ஹேஷ் மதிப்புகள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும்படி செய்யப்பட்டிருந்ததால், ஒரே நிரல் இன்று ஒரு வரிசையையும் நாளை வேறொன்றையும் அச்சிட்டுப் பிழை தேடுவோரை அலைக்கழித்தது என்பதையும் மறுக்க முடியாது.

ஆயினும் உடன்விளைவாகக் கிடைத்த ஒன்றை மொழியின் வாக்குறுதியாக உயர்த்தியபோது, மேப் என்பதன் அடிப்படையில் ஒரு முரண் புகுந்தது. இரண்டு டிக்‌ஷனரிகள் சமமா என்று கேட்டால் பைத்தான் வரிசையைப் பார்ப்பதில்லை. ஒரே இணைகள் இருந்தால் போதும், சமம் என்கிறது. ஆனால் அவற்றின் மீது லூப் ஓட்டினால் வரிசை வெளிப்படுகிறது, அதை நம்பி எழுதலாம் என்று மொழியே அனுமதிக்கிறது. சமம் என்று மொழி சான்று தரும் இரண்டு பொருள்கள் ஒரே லூப்பில் இரண்டு விடைகளைத் தரக்கூடும் என்பதே இதன் விளைவு.

ஒரு விற்பனை நிரலில், விலைக்குப் பொருந்தும் விதிகளின் பெயர்கள் சாவிகளாகவும் அவற்றைச் செயல்படுத்தும் ஃபங்ஷன்கள் மதிப்புகளாகவும் ஒரு டிக்‌ஷனரியில் இருப்பதாகக் கொள்ளலாம். முதலில் 10 விழுக்காடு தள்ளுபடி, அடுத்து 50 ரூபாய் அனுப்புச் செலவு. 1000 ரூபாய் பொருளுக்கு லூப் 950 ரூபாய் என்று கணக்கிடும். தள்ளுபடி விதியைச் சில நாள் நீக்கிவிட்டு மீண்டும் சேர்த்தால், நீக்கிச் சேர்த்த சாவி கடைசிக்குப் போய்விடும் என்பதால், அனுப்புச் செலவு முதலில் கூடி 1050 ஆகி, அதில் தள்ளுபடி கழிந்து 945 ரூபாய் வரும். விதிகளின் தொகுப்பு மாறவில்லை என்பதைச் சரிபார்க்கும் டெஸ்ட், பழைய டிக்‌ஷனரியும் புதியதும் சமம் என்று சொல்லித் தேறிவிடும். பில்லில் மட்டும் ஐந்து ரூபாய் குறைந்திருக்கும், எந்த வரியிலும் பிழைச் செய்தி இராது.

இத்தகைய இடத்தில் பட்டியலைத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும், தவறு நிரலருடையது என்பதே ஆதரவாளர்களின் வழக்கமான பதில். எது இத்தகைய இடம் என்று நிரலைப் படிப்பவருக்குத் தெரிய எந்த வழியையும் இவ்வாக்குறுதி விட்டுவைக்கவில்லை என்பதை அந்தப் பதில் கண்டுகொள்வதில்லை. வரிசையை நம்பும் லூப்பும் நம்பாத லூப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஜாவாவில் வரிசை வேண்டுவோர் 2002-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து லிங்க்டுஹேஷ்மேப் என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். அந்தப் பெயரைப் படித்த உடனே அடுத்து வரும் லூப்பில் வரிசைக்குப் பொருள் உண்டு என்பது புரிந்துவிடும். பைத்தானிலும் ஆர்டர்டுடிக்ட் அந்தப் பணியைச் செய்துகொண்டிருந்தது. அத்தகைய இரண்டை ஒப்பிடும்போது அது வரிசையையும் ஒப்பிட்டது, இன்றும் ஒப்பிடுகிறது. சாதாரண டிக்‌ஷனரியே வரிசை காக்கும் என்றான பின் அதை இறக்குமதி செய்வோர் அருகிவிட்டனர்.

வரிசையை யாரும் நம்பக்கூடாது என்று ஆவணத்தில் எழுதி வைத்தால் போதாது என்பதைக் கோ மொழியின் வரலாறே காட்டுகிறது. முதல் பதிப்பிலேயே மேப் லூப் எதேச்சையான இடத்திலிருந்து தொடங்கியது. 1.1 பதிப்பில் வந்த புதிய உள்ளமைப்பு, எட்டு அல்லது அதற்குக் குறைவான இணைகள் கொண்ட மேப்புகளுக்கு இதைச் செய்யத் தவறியது. அந்தச் சிறு இடைவெளி போதுமானதாக இருந்தது: அவ்வரிசையை நம்பும் நிரல்கள் எழுதப்பட்டன, சில கணினிகளில் ஓடின, வேறு சிலவற்றில் தடுமாறின. 2014-இல் வந்த 1.3 பதிப்பு அப்பிழைகளை வெளிக்கொணர்வதற்காகவே சிறிய மேப்புகளின் வரிசையையும் மீண்டும் கலைத்தது. தண்டனை என்று பழிக்கப்படும் அந்தக் கலைப்பினால், வரிசை தேவைப்படும் கோ நிரலர் சாவிகளை எடுத்து வரிசைப்படுத்தி அவற்றின் மீது லூப் ஓட்டுகிறார், கூடுதலாக ஒரு வரி எழுதுகிறார். படிப்பவருக்குத் தேவையான செய்தி முழுதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வாக்குறுதி ஏதும் தராததால்தான் 2025-இல் 1.24 பதிப்பு மேப்பின் உள்ளமைப்பையே சுவிஸ் டேபிள் என்னும் வேறொன்றாக மாற்ற முடிந்தது; வரிசையை முன்னிட்டு யாருக்கும் அது விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பைத்தானோ, நீக்கிய இணையின் இடத்தில் கடைசி இணையைக் கொண்டுவந்து வைத்து அணியை இறுக்கமாக வைத்திருக்கும் எளிய உத்தியைக்கூட இனிக் கையாள முடியாது.

இவ்வளவு கொடுத்து வாங்கிய வரிசையும் அரைகுறையானது. தலைகீழாக லூப் ஓட்டும் வசதி 3.8 பதிப்பில்தான் சேர்ந்தது. மூன்றாவது இணை எது என்று எண்ணால் கேட்க வழியில்லை. ஒரு சாவியை முனைக்கு நகர்த்தும் மெத்தட் ஆர்டர்டுடிக்ட்டில் உண்டு, சாதாரண டிக்‌ஷனரியில் இல்லை. மேற்கண்ட தள்ளுபடி விதியை மறுபடியும் முதலிடத்துக்குக் கொண்டுவர விரும்புபவர், டிக்‌ஷனரி முழுவதையும் புதிதாகக் கட்டவோ மற்ற எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாக நீக்கிச் சேர்க்கவோ வேண்டும்.