லேத்துக்குப் பொட்டு வைக்கும் இடம்

ஆயுதபூஜைக்கு முந்தின வேலைநாளில், மத்தியானம் மூன்று மணிக்கு மேல், தமிழ்நாட்டின் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். வேலை எதுவும் நடக்காது. ஆனால் எல்லோரும் மும்முரமாக இருப்பார்கள். ஒருவர் நாற்காலி மேல் ஏறித் தோரணம் கட்டுவார், கீழே நாலு பேர் நின்று "இடது பக்கம் கொஞ்சம் இறக்குங்க சார்" என்று மேற்பார்வை பார்ப்பார்கள். வருஷம் முழுக்கத் தேநீர்க் கணக்கில் சண்டை போட்ட இரண்டு பிரிவுகள் ஒரே பூக்கூடையின் முன்னால் உட்கார்ந்திருக்கும். பண்டிகையன்று அரசு விடுமுறை, ஆகவே அலுவலகத்தின் கொண்டாட்டம் ஒரு நாள் முந்திக்கொள்கிறது. 2025-இல் அந்த முந்தின நாள் செப்டம்பர் 30 என்று வந்து தொலைத்தது. வங்கிகளுக்கு அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நாள். ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் பேலன்ஸ் ஷீட்டுமாக அன்றைக்கு அலைந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

தீபாவளி வீட்டுக்குரியது. பொங்கல் வாசலுக்கும் வயலுக்கும் உரியது. அலுவலகத்துக்கென்று ஒரு பண்டிகை உண்டென்றால் அது இதுதான். இதன் அலங்காரத்தை நான் ஒரு கலையாகவே பார்க்கிறேன், சபாவில் உட்கார்ந்து கச்சேரி கேட்பவர்களைப்போலக் குறை சொல்லிக்கொண்டே ரசிக்கிறேன். இந்தக் கலைக்குள்ள பெரிய வசதி, தீம் தேடி அலைய வேண்டாம் என்பது. அந்த இடத்தில் நடக்கிற வேலையே தீம். அதை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறார்களோ அவ்வளவுக்கு அலங்காரம் தேறுகிறது. அதை மூடி மறைத்து வேறெதையோ ஒட்டும்போது படுத்துவிடுகிறது.

முதல் மார்க் என்னிடம் எப்போதும் பட்டறைகளுக்குத்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் கணபதியிலோ பீளமேட்டிலோ ஏதாவது லேத் பட்டறையை அந்த நாளில் எட்டிப் பாருங்கள். அலங்காரம் காலையிலேயே தொடங்கிவிடும், ஆனால் பார்ப்பவருக்கு அது அலங்காரமாகத் தெரியாது. இரும்புச் சுருள்களை வாரிக் கொட்டுவார்கள். பனியன் வேஸ்ட்டில் மண்ணெண்ணெயைத் தொட்டு, சக்கிலும் டெயில் ஸ்டாக்கிலும் ஏறிப்போன ஆறு மாதக் கருப்பைத் துடைத்தெடுப்பார்கள். லேத்தின் பெட் வெள்ளியாக மின்ன ஆரம்பித்ததும் அதன்மேல் மெல்லிசாக எண்ணெய் தடவி விடுவார்கள். இதற்குப் பிறகு பூ வைக்காவிட்டாலும் எனக்குக் குறையில்லை. பாதி அலங்காரம் துடைப்பதில் முடிந்துவிட்டது.

மீதிப் பாதி அடுக்குவதில். மேஜையில் ஒரு வெள்ளை வேட்டித் துணியை விரித்து, ஸ்பேனர்களை 6-7-இல் ஆரம்பித்து 20-22 வரை வரிசையாக விசிறி விரிப்பார்கள். அதன் ஓரத்தில் அரங்கள், சுத்தியல்கள், நடுவில் தனி மரியாதையோடு வெர்னியரும் மைக்ரோமீட்டரும். இந்த வரிசையில் ஒரு ஸ்பேனர் இல்லாவிட்டால் பளிச்சென்று தெரிந்துவிடும். வருஷம் பூராவும் தேடிக் கிடைக்காத 12-13 அன்றைக்குத்தான் எங்கிருந்தோ வெளியே வரும், எடுத்தவர் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் பொட்டு. இங்கேதான் கைத்தேர்ச்சி தெரிகிறது. புதிதாகச் சேர்ந்த பையன் உற்சாகத்தில் பளபளக்கும் பெட்டின் மேலேயே சந்தனத்தை அப்பப் போவான். மூத்த மேஸ்திரி தூரத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "தம்பி, அங்க வெக்காத கண்ணு. ஈரம் பட்டா துருப் புடிச்சிரும். பெயிண்ட் அடிச்ச எடமாப் பாத்து வைய்யி." இந்த ஒரு வாக்கியத்தில் இந்தக் கலையின் இலக்கணம் அடங்கிவிடுகிறது என்பேன். பொட்டு இயந்திரத்துக்கு அழகு தரவேண்டும், அதே நேரம் இயந்திரம் பண்டிகைக்கு மறுநாளும் ஓட வேண்டும். ஹெட் ஸ்டாக்கின் நெற்றிபோன்ற பகுதியில் விபூதிப் பட்டை மூன்று, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனம் கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்துப்போய் வழிந்த பொட்டு, எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தையும் அழுத முகமாக்கிவிடும்.

கணினிகள் வந்தபின் இதே சிக்கல் அலுவலகங்களுக்கும் வந்தது. மானிட்டரில் எங்கே வைப்பது? திரையின் மேல் வைப்பவர்களுக்கு என்னிடம் மன்னிப்பில்லை. சந்தனம் காய்ந்தபின் அதைச் சுரண்டுகிற நகம் திரையையும் சுரண்டுகிறது. பழைய பெட்டி மானிட்டர்களுக்கு அகலமான நெற்றி இருந்தது, தாராளமாகப் பட்டை போடலாம். இன்றைய திரைகளுக்குச் சட்டம் நூலாக இளைத்துவிட்டதால், விவரம் தெரிந்தவர்கள் பொட்டைக் கீழே ஸ்டாண்டுக்கு இறக்கிவிட்டார்கள். நல்ல முடிவு. கீபோர்டில் பொட்டு வேண்டவே வேண்டாம், ஒற்றைச் சாமந்தி போதும். பஞ்சிங் மெஷின், ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்ப் இவையெல்லாம் பொட்டு ஏற்கவே பிறந்தவை. ஸ்டாம்ப் பேடின் பக்கத்தில் குங்குமக் கிண்ணத்தை வைத்துவிட்டு, அவசரத்தில் முத்திரையை அதில் அழுத்தும் அபாயம் மட்டும் உண்டு.

பூவுக்கு வருவோம். இந்தப் பருவத்தில் சாமந்திதான் ராஜா. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக இறங்குகிறது. சென்னைக்காரர்களுக்குக் கோயம்பேட்டில் பூஜைக்கென்றே சிறப்புச் சந்தை போடுவார்கள். பொரி, பூசணி, வாழைக்கன்று, தோரணம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். திட்டமிடும்போது பெரும்பாலோர் தவறுவது அளவில். ஏழடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள கதவுச் சட்டத்தை முழுக்கச் சுற்ற வேண்டுமென்றால் பதினேழு அடிச் சரம், அதாவது பதினோரு முழத்துக்கும் மேலே. இதைக் கணக்குப் போடாமல் "ஒரு பத்து முழம் வாங்கிட்டு வா" என்று அனுப்பினால், சரம் ஒரு பக்கம் முட்டிக்கால் உயரத்தில் அந்தரத்தில் நின்றுவிடும். பற்றாத பூவைச் சுற்றிலும் இழுப்பதைவிட, மேலே மட்டும் ஒரு தொய்வு விட்டு அடர்த்தியாகக் கட்டுவது மேல். நிறத்திலும் அப்படியே. மஞ்சள் சாமந்திக்கு நடுநடுவே கருஞ்சிவப்புக் கோழிக்கொண்டை, அங்கங்கே ஒரு கொத்து மரிக்கொழுந்து. இந்த மூன்றுக்கு மேல் நாலாவது எதற்கு?

மாவிலையைச் செல்லோ டேப்பால் கதவில் ஒட்டுகிறவர்களைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை. சணலில் இலையை மடித்துப் போட்டு ஈர்க்குச்சியால் குத்திக் கோப்பதற்கு ஒரு பழைய ஆள் கட்டாயம் எல்லா அலுவலகத்திலும் இருப்பார், அநேகமாக அலுவலக உதவியாளராக. அன்று ஒரு நாள் அவர்தான் அதிகாரி. குருத்தோலையில் கிளி மடிக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தால் உங்கள் அலுவலகம் பாக்கியம் செய்தது. மேனேஜரம்மா ஓலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, "அப்படி இல்லீங்க மேடம், நரம்பை உள்பக்கமா விடுங்க" என்று அவர் திருத்துவதைக் கேட்க வேண்டும்.

கலர் பேப்பர் தோரணம் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய கட்டடங்களில் அறையின் நான்கு மூலையிலிருந்தும் காகிதத்தை முறுக்கிக்கொண்டு வந்து நடுவில் சேர்ப்பது மரபு. நடுவில் இருப்பது மின்விசிறி. வெளியிலிருந்து வியர்த்து வருகிற முதல் விருந்தினர் என்ன செய்வார் என்பதை எழுத வேண்டியதில்லை. புதிய கட்டடங்களின் ஃபால்ஸ் சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடிச் சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு ஜெம் கிளிப்பை நெளித்துக் கொக்கியாக்கி அந்தச் சட்டத்தில் மாட்டினால், துளை போடாமல், டேப் ஒட்டாமல் எதையும் தொங்கவிடலாம். அலுவலகத்தின் பொருளாலேயே அலுவலகத்தை அலங்கரிக்கும் இந்தச் சின்னத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நடுநாயகமாக ஒரு படம் வேண்டும். லட்சுமி, விநாயகர், சரஸ்வதி மூவரும் சேர்ந்திருக்கும் சட்டம் போட்ட படம்தான் பெரும்பாலும். கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசி அச்சகங்கள் காலண்டர்களாக ஊரெங்கும் பரப்பிய சாயல் அது; ரோஜாக் கன்னம், பாதாம் கண், பட்டுச் சேலையின் ஒவ்வொரு மடிப்பிலும் வெளிச்சம். அரசு அலுவலகங்களில் இந்தப் படத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது, அலுவலகங்களிலுள்ள கடவுள் படங்களைப் படிப்படியாக அகற்றும்படி சுற்றறிக்கை போனது. படம் போனாலும் பீரோவும் டைப்ரைட்டரும் லெட்ஜரும் இருந்தனவே, அவற்றுக்கு மாலை விழுந்துகொண்டுதான் இருந்தது. படமே இல்லாமல் கருவிகளை மட்டும் அடுக்கிப் பூ வைத்த ஒரு மேஜை, பார்வைக்கு இன்னும் வலுவாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எந்த மதத்துக்காரரும் தன் கருவியைக் கொண்டுவந்து அந்த மேஜையில் வைக்கிறார். மெக்கானிக் கடைகளில் இது சகஜம்.

ஐ.டி. நிறுவனங்கள் வந்ததும் கதை மாறியது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகப் 'பே டெக்கரேஷன்' போட்டி என்று ஒன்று உருவாயிற்று. மனிதவளத் துறையிலிருந்து தீம் மின்னஞ்சலில் வருகிறது. கூடவே நிபந்தனைகள்: சூடம் கூடாது, விளக்கு பேட்டரியில் எரிய வேண்டும், ஸ்மோக் டிடெக்டரையும் ஸ்பிரிங்க்ளரையும் எதுவும் மறைக்கக் கூடாது. நிபந்தனைகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, கட்டுப்பாடு கலைக்கு நல்லதே. புகார் தீமில்தான். பொங்கலுக்கானாலும் பூஜைக்கானாலும் பத்தில் எட்டு அணிகள் 'கிராமம்' என்று எடுத்துக்கொள்கின்றன. தெர்மாகோல் குடிசை, தெர்மாகோல் கிணறு, சார்ட் அட்டையில் வெட்டிய மாட்டுவண்டி, அதில் ஏறி உட்கார முடியாமல் பக்கத்தில் நின்று செல்ஃபி. குடிசைக்கு நிறமேற்ற அவசரத்தில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால், அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்று சுவரெல்லாம் பள்ளமாகிவிடும். அப்போதுதான் அது கொஞ்சம் நிஜக் குடிசை மாதிரி இருக்கிறது.

தீம் என்பதே நமக்கு அந்நியம் என்று சொல்ல வரவில்லை. கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் பார்க் போடுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. ஒரு வருஷம் மலைக்கோயில், ஒரு வருஷம் கிரிக்கெட் மைதானம், கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்க வைத்த நிஜப் பச்சை. அந்தப் பார்க்கின் அழகு, சின்னச் சின்ன விவரங்களை நம்பி நிற்பது. அலுவலக அணிகள் விவரத்தை விட்டுவிட்டு அளவைப் பிடித்துக்கொள்கின்றன.

நான் பார்த்ததில் மனதில் தங்கியது, மென்பொருள் அணி ஒன்று தன் இடத்தைப் பேருந்து நிலையமாக்கியதுதான். புதிதாக வாங்கியது ரொம்பக் குறைவு. சுழல் நாற்காலிகள் இரண்டிரண்டாகப் பேருந்து இருக்கைகள் ஆயின. தடுப்புச் சுவர்களின் மேல் மஞ்சள் அட்டையில் கருப்பு எழுத்தில் தடப் பலகைகள்: 'புரொடக்‌ஷன் — வழி: டெஸ்டிங், அப்ரூவல்', 'கிளையன்ட் மீட்டிங் — இடைநில்லா'. மேலாளரின் கண்ணாடி அறையில் 'நேரக் காப்பாளர்' என்று போர்டு. ஒவ்வொரு மானிட்டர் ஸ்டாண்டுக்கும் பேருந்தின் முகப்பில் போடுவதுபோல ஒரு சின்ன மாலை, மவுஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த அணியின் ஆட்கள் வேறு மாதிரி சிரித்தார்கள். 'அப்ரூவல்' நிறுத்தத்தில் எத்தனை நாள் வண்டி நிற்கும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும். பட்டறை மேஜையின் ஸ்பேனர் விசிறிக்கு ஐ.டி. உலகில் நான் கண்ட ஒரே சமமான பதில் இது. பரிசு வழக்கம்போல ஒரு குடிசைக்குப் போயிற்று.

பந்தியைப் பற்றிச் சுருக்கமாக. பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல், சுண்டல். இதற்குமேல் பன்னீர் ரோலும் கேக்கும் சேர்ப்பவர்கள் சேர்த்துக்கொள்ளட்டும். பொரியை மட்டும் கடைசி நிமிஷத்தில் பாக்கெட் போடுங்கள், சென்னையின் ஈரக்காற்றில் நமத்துப்போன பொரியைவிடச் சோகமான பிரசாதம் இல்லை. விடுப்பில் இருப்பவர் மேஜையிலும் ஒரு பாக்கெட் வைப்பது நல்ல அலுவலகம். பூசணிக்காயில் குங்குமமும் சில்லறையும் இட்டு, சூடம் கொளுத்திச் சுற்றி உடைப்பது கண்கொள்ளாக் காட்சிதான். உடைத்ததைச் சாலை ஓரமாக ஒதுக்காமல் போவதோ கொலைபாதகம். இருசக்கர வண்டிகள் வழுக்கும் என்று காவல்துறையும் மாநகராட்சியும் வருஷாவருஷம் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

பிரித்தெடுப்பதும் இந்தக் கலையில் சேர்த்தி. அதிலும் பட்டறைதான் ஜெயிக்கிறது. விஜயதசமியன்று பேருக்கு ஒரு வேலை ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்குமுன் சக்கில் சுற்றிய மாலையை நாரோடு, நூலோடு உருவி எடுத்தாக வேண்டும். மறந்து மோட்டாரைப் போட்டால் நூல் சுற்றிக்கொள்ளும், மாலையோடு விரலும் போகும். ஆகவே அங்கே காய்ந்த பூவைப் பார்க்க முடியாது. அலுவலகங்களில் எந்த மோட்டாரும் யாரையும் பயமுறுத்துவதில்லை. வாழைக்கன்று ஒரு வாரத்தில் கருகிச் சாய்கிறது, கலர் பேப்பர் தீபாவளி வரை வெளுத்துக்கொண்டே தொங்குகிறது, மாவிலை பொங்கலைத் தொடுகிறது. பூ யார் வாங்குவது, பொரி யார் பொறுப்பு, வசூல் நோட்டு யார் கையில் என்று பட்டியல் போடும் தலைமை எழுத்தர்கள் கடைசி வரியில் 'அவிழ்ப்பவர்' என்று ஒரு பெயரையும் எழுதி, பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். நாற்காலி மேல் ஏறியவரின் பெயரையே போட்டுவிடலாம். முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.