பாறையில் தெரியாத உளி

பிரெஞ்சு ஓவியர் பால் செசானை நிலவியல் அறிஞராக்கும் மோகம் ஓயக் காணோம். 2020 மார்ச்சில் கண்காட்சி அமைப்பாளர் ஜான் எல்டர்ஃபீல்ட் அவருடைய பாறை, கல்குவாரி ஓவியங்களை மட்டும் தனியே திரட்டிப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வைத்தார். பெருந்தொற்று வந்து கதவைச் சாத்தியது. அடுத்து லண்டன் ராயல் அகாடமிக்குப் போகவேண்டிய கண்காட்சி போகவே இல்லை. ஆனால் அதையொட்டி வலுப்பெற்ற பேச்சு மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. செசான் பூமியின் எலும்பைக் கண்டவராம். மனிதனுக்கு முந்தைய காலத்தைத் துணியில் இறக்கியவராம்.

ஓவியங்கள் சிறந்தவை, அதில் தகராறு இல்லை. பாரிஸ் ஓரஞ்ஜெரியில் இருக்கும் ‘சிவப்புப் பாறை’யில் வலப்பக்க மேல்மூலையிலிருந்து செம்மஞ்சள் கல் ஒன்று அழைக்காமல் நுழைவதுபோல் நீண்டிருக்கிறது. அதன் கீழே தழையின் பச்சையும் பின்னால் வானத்தின் நீலமும் அந்த ஒரு நிறத்தால்தான் உயிர் பெறுகின்றன. பால்டிமோர் அருங்காட்சியகத்தில் உள்ள, சுமார் 1897இல் தீட்டிய ஓவியத்தில் தொலைவிலிருக்கும் சாந்த்-விக்துவார் மலையைப் பெரிதாக்கிக் குவாரியின் விளிம்புக்கே இழுத்து வந்துவிடுகிறார். அந்தத் துணிச்சலுக்கு ஈடாக அக்காலத்தில் சிலவற்றைத்தான் சொல்லமுடியும்.

என் தகராறு அந்த இடத்தைப் பற்றியது. இவ்விரண்டு ஓவியங்களும் பிறந்த பிபேமுஸ், இயற்கை தந்த பாறைச்சரிவு அன்று. ரோமானியர் காலந்தொட்டு மனிதர் வெட்டிய குவாரி. பிரான்சின் தெற்கே எக்ஸ் நகரத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த மஸாரன் பகுதி மாளிகைகளின் காவிநிறச் சுவர்கள் இங்கிருந்து போன கல். கட்டியைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, ஆப்பு அடித்துப் பிரித்து எடுத்தால் பின்னால் மிஞ்சுவது ஒரு நேர்ச்சுவர், ஒரு மூலை, ஒரு திட்டு. நகரம் எவ்வளவு மேலே எழுந்ததோ அவ்வளவு இங்கே பள்ளம். 1895இல் செசான் அங்கே ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்தபோது வேலை பெரும்பாலும் நின்று, குழிகளில் பைன் மரங்கள் வளர்ந்திருந்தன.

இதையெல்லாம் எந்த நூலும் மறைக்கவில்லை. முதல் பத்தியில் சொல்லிவிடுவார்கள். அடுத்த பத்தியிலேயே மறந்துவிடுவார்கள். பிறகு தொடங்கும் ‘இயற்கைக்குள் ஒளிந்திருந்த வடிவியலைக் கண்டெடுத்தார்’ என்ற பழைய பாட்டு. 1904 ஏப்ரலில் ஓவியர் எமில் பெர்னாருக்குச் செசான் எழுதிய, இயற்கையை வடிவங்களாகக் கையாளச் சொல்லும் கடிதத்தை இங்கே கட்டாயம் இழுப்பார்கள். அதில் உருளை உண்டு, கோளம் உண்டு, கூம்பு உண்டு; கனசதுரம் இல்லை. பிபேமுஸ் ஓவியங்களில் அடுக்கி நிற்பவையோ பெட்டி பெட்டியான கட்டிகள். அவை அந்தக் கொள்கையிலிருந்து வந்தவை அல்ல, கல்வெட்டிகளின் கையிலிருந்து வந்தவை. 1908இல் ஓவியர் ப்ராக் லெஸ்தாக்கில் வரைந்த வீடுகளோடு செசானை நேர்கோட்டில் இணைத்து கியூபிச வரலாறு எழுதுகிறவர்கள், அந்தக் கோட்டின் தொடக்கத்தில் பெயர் தெரியாத சில நூறு தொழிலாளர்களையும் நிறுத்தியாக வேண்டும். ஒருவரும் நிறுத்துவதில்லை.

குற்றம் விமரிசகர்கள் மேல் மட்டுமா? ஓவியத்தின் மேலும்தான். செசானின் சாய்ந்த சிறு தீற்றல் எல்லாவற்றுக்கும் ஒரே நீதி வழங்குகிறது. கல்லும் பைன் இலையும் வானமும் ஒரே நெசவாகின்றன. இதைத்தான் ஒருமை என்று கொண்டாடுகிறார்கள். அவர் வரைந்த ஃபோந்தேன்ப்ளோ காட்டுப் பாறைகளுக்கு அது பொருந்தலாம். அவை தாமாக உருண்டு, தாமாகப் பிளந்தவை. குவாரியில் அதே முறை ஒரு முக்கியமான வேறுபாட்டை அழித்துவிடுகிறது. வெயிலும் மழையும் அரித்த முகமும், இரும்பு வெட்டிய முகமும் ஒரே தீற்றல்களால் மூடப்படுகின்றன. உடைந்தது எது, உடைக்கப்பட்டது எது என்று துணியைப் பார்த்து நம்மால் சொல்லமுடியாது. எத்தனையோ தலைமுறைகளின் உழைப்பு, தூரிகை பட்டவுடன் ‘இயற்கை’ ஆகிவிடுகிறது. ஓவியர் செய்த இந்த மாற்றத்தின் மேல்தான் நிலவியல் வாதம் முழுவதும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஓவியர் வரலாற்று ஆசிரியர் இல்லையே என்பார்கள். சரி, அப்படியானால் நிலவியல் அறிஞரும் இல்லை. ஒன்றுக்கு விலக்குக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்குப் பட்டம் கேட்கக் கூடாது. ஆள் இல்லாத குவாரியில் ஆளை எப்படி வரைவது என்றும் கேட்பார்கள். ஆளை யார் கேட்டது? சுவரில் ஒரு உளித்தடம் போதும். உழைப்பைக் காணும் கண் அவருக்கு இல்லாமலும் இல்லை. அதே 1890களில் தம் குடும்பப் பண்ணையின் வேலையாட்களை உட்காரவைத்துச் சீட்டாட்ட ஓவியங்களைத் தீட்டியவர் அவர். அவர் மதித்த ஓவியர் கூர்பே 1849லேயே கல்லுடைப்பவர்களை வரைந்தார். இளமை நண்பர் ஸோலா 1885இல் சுரங்கத் தொழிலாளரை நாவலாக்கினார். அந்த ஸோலாவின் தந்தை திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய அணை குவாரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. வெட்டிய கல் எங்கே போகிறது, யார் வெட்டுகிறார்கள் என்பது செசானுக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

இனி நிலவியல் கட்சியின் சாட்சிகள். பெரிய சாட்சி, செசானோடு பழகிய கவிஞர் கஸ்கே. பாறை அடுக்குகளை அறியாமல் நிலக்காட்சி வரையமுடியாது என்ற பொருள்பட செசான் பேசியதாக எழுதியவர். அந்தப் புத்தகம் வந்தது 1921இல், செசான் இறந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு. உரையாடல்களில் எவ்வளவு செசான், எவ்வளவு கஸ்கே என்று இன்றும் வழக்கு தீரவில்லை. அடுத்த சாட்சி நம்பத்தக்கது: இளமை நண்பர் மரியோன், மெய்யான இயற்கை அறிவியலாளர்; செசானின் குறிப்பேட்டில் மரியோன் கைப்பட எழுதிய நிலவியல் குறிப்புகள் உண்டு. ஆனால் இந்தச் சாட்சி யார் பக்கம் பேசுவார்? மரியோனைப் பிபேமுஸுக்கு அழைத்துப்போயிருந்தால், மனிதன் வெட்டிய முகம் எது என்று பிரித்து ஒதுக்கிவிட்டுத்தான் அடுக்குகளைப் படிக்க உட்கார்ந்திருப்பார்.