அடக்கி வைத்த வார்னிங்குகள்

ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸை விஷுவல் ஸ்டுடியோவில் டேட்டாபேஸ் ப்ராஜெக்ட்டாக இம்போர்ட் செய்து முதல் பில்டு கொடுத்துப் பாருங்கள். எரர் லிஸ்ட் நிரம்பி வழியும். பெரும்பாலும் ஒரே புகார்தான்: இந்த வியூ கேட்கும் டேபிள் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. சர்வரில் ஒழுங்காக ஓடுவது இங்கே மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று எரிச்சல் வரத்தான் செய்யும்.

சர்வர் இந்த விஷயத்தில் தாராளமானது. இல்லாத டேபிளின் பெயரை ஸ்டோர்டு புரொசீஜரில் எழுதினாலும் உருவாக்க விட்டுவிடும். ஓட்டும்போதுதான் 208ஆம் எண் பிழையை வீசும். வியூவை அப்படி உருவாக்க முடியாது. ஆனால் உருவான பிறகு அடியில் இருக்கும் டேபிளை நீக்கினால், ஸ்கீமாபைண்டிங் போடாதவரை, சர்வர் தடுக்காது. டேட்டாபேஸ் ப்ராஜெக்ட்டிடம் இந்தத் தாராளம் இல்லை. கிரியேட் வாக்கியங்கள் அனைத்தையும் படித்து ஒரு மாடல் கட்டுகிறது. எழுதப்பட்ட ஒவ்வொரு பெயரும் அந்த மாடலில் எதையாவது சுட்டியாக வேண்டும். வியூ சுட்டாவிட்டால் 71501 என்ற எரர் வந்து பில்டு நின்றுவிடும். புரொசீஜர் சுட்டாவிட்டால் 71502 என்ற வார்னிங்கோடு பில்டு தேறிவிடும்.

இந்தக் கறாரின் பலனைக் குறைத்துச் சொல்ல முடியாது. எப்போதோ நீக்கிய டேபிளைத் தேடும் புரொசீஜர், பெயர் மாற்றிய நெடுவரிசையை இன்னும் பழைய பெயரில் கேட்கும் வியூ எல்லாம் ஒரே பில்டில் வெளியே வந்துவிடும். சர்வரில் அவை யாராவது கூப்பிடும்வரை தூங்கும். கூப்பிடுவது பெரும்பாலும் ஆண்டு இறுதி ரிப்போர்ட்டாக இருக்கும்.

இன்னொரு வகை எரரைப் பலர் வெறும் தொல்லை என்று நினைக்கிறார்கள். சேல்ஸ் டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் வியூ ஒன்று, டேபிளை 'சேல்ஸ்.டிபிஓ.ஆர்டர்ஸ்' என்று முழுப்பெயரிட்டு அழைக்கிறது. எந்தப் பெயரில் டிப்ளாய் ஆகப்போகிறோம் என்பது ப்ராஜெக்ட்டுக்குத் தெரியாது. எனவே அந்த 'சேல்ஸ்' அதற்கு அந்நியம். முன்னொட்டை வெட்டினால் போதும். வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? அதே சர்வரில் 'சேல்ஸ்_டெஸ்ட்' என்று இன்னொரு பிரதி எழுப்பும் நாளில், டெஸ்ட்டின் வியூ அசல் ஆர்டர்களைப் படிக்கும். யாருக்கும் எந்தப் பிழையும் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கருவியின் பக்கம்.

வேறு டேட்டாபேஸின் டேபிளைக் கேட்கும் இடத்தில்தான் சிக்கல் முற்றுகிறது. முறையான வழி, அந்த டேட்டாபேஸின் ஸ்கீமா அடங்கிய டேக்பேக் கோப்பை ரெஃபரன்ஸாகச் சேர்ப்பது. சேர்க்கும்போது கருவி தானாக ஒரு வேரியபிளை நீட்டும். அதை ஏற்றால் கோடில் உள்ள பெயர்களையெல்லாம் அந்த வேரியபிளுக்கு மாற்ற வேண்டும். மாற்றாதவர்கள் ரெஃபரன்ஸ் சேர்த்தும் எரர் போகவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். எல்லாச் சூழலிலும் டேட்டாபேஸ் பெயர் ஒன்றுதான் என்றால் வேரியபிள் கட்டத்தைக் காலியாக்கிவிடலாம். நேரடிப் பெயரே செல்லுபடியாகும். சிஸ்டம் வியூக்களைக் கேட்பதாக இருந்தால் மாஸ்டர் டேட்டாபேஸின் ரெஃபரன்ஸ் போதும்.

குறை என்னவென்றால், டேக்பேக் என்பது எடுத்த நாளோடு உறைந்துபோன நகல். அடுத்த குழு தன் டேபிளில் ஒரு நெடுவரிசையை நீக்கியிருக்கும். உங்கள் பில்டு பச்சையாகவே இருக்கும். இரண்டு டேட்டாபேஸ்கள் ஒன்றையொன்று கேட்டால் இது இன்னும் மோசம். சுற்று ரெஃபரன்ஸை விஷுவல் ஸ்டுடியோ ஏற்காது என்பதால், ஒரு பக்கத்தின் டேக்பேக்கைக் கையால் எடுத்து வைத்தாக வேண்டும். பிறகு அதைப் புதுப்பிப்பது யார் வேலை என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. டைனமிக் எஸ்க்யூஎல்லோ மாடலின் கண்ணில் படுவதே இல்லை. சரத்துக்குள் எந்தப் பெயர் இருந்தாலும் பில்டு தேறிவிடும்.

ஆகவே பலர் குறுக்குவழிக்குப் போகிறார்கள்: ப்ராஜெக்ட் அமைப்பில் 71502 என்று எழுதி வார்னிங்கை மொத்தமாக அடக்குவது. இதை எந்த நிலையிலும் நான் ஆதரிக்க மாட்டேன். நாளை புதிதாக எழுதும் புரொசீஜரில் எழுத்துப் பிழை விழுந்தாலும் அதோடு சேர்ந்து அமுங்கிப்போகும். லிங்க்டு சர்வரைத் தொடும் பழைய கோப்பு ஒன்றிரண்டு இருந்தால், அந்தக் கோப்பின் ப்ராப்பர்ட்டியில் மட்டும் அடக்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.

எஸ்டிகே பாணியில் வந்துள்ள புதிய ப்ராஜெக்ட் வகையில் டேக்பேக்கை நியூகெட் பேக்கேஜாக, வெர்ஷன் எண்ணோடு சேர்க்க முடிகிறது. நகல் அப்போதும் உறைந்ததுதான். ஆனால் எந்த வெர்ஷனில் உறைந்தது என்பது ப்ராஜெக்ட் கோப்பிலேயே தெரியும்; கோட் ரிவ்யூவில் கேள்வி கேட்க ஓர் இடம் கிடைக்கிறது.